பாட்டில் மேலே எழுதிய எண்ணுக்கு யார் பொறுப்பு?



முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மெக்கானிக்கலோ, சிவிலோ, எலக்ட்ரிக்கலோ, கம்ப்யூட்டரோ... எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அந்தப் பியூரெட் ஸ்டாண்டின் முன்னால் நின்றுதான் தீர வேண்டும். நாம் உள்ளே போகும்போதே மேஜை மேல் பாட்டில்கள் வரிசையாகத் தயாராக இருக்கும். ஒன்றின் மேல் '0.1 நார்மல்' என்று ஒரு சீட்டு. ஊற்றுகிறோம், நிரப்புகிறோம், நிறம் மாறியதும் நிறுத்துகிறோம். அப்புறம் இருக்கவே இருக்கிறது நம்முடைய மந்திரம்: 'வி-ஒன் என்-ஒன் ஈக்குவல் டு வி-டூ என்-டூ!' விடை வந்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு, கேன்டீனுக்குப் போயாச்சு.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தச் சீட்டில் இருக்கிற 0.1 எங்கேயிருந்து வந்தது? யார் எடை போட்டார்? எந்தத் தராசில்? போன வாரமா, போன வருஷமா? நம்முடைய கணக்கு முழுவதும் அந்த ஒரு எண்ணின் தலை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது 5 சதவீதம் தப்பென்றால், முப்பது பேரும் எவ்வளவு சுத்தமாக டைட்ரேஷன் செய்திருந்தாலும் முப்பது விடையும் 5 சதவீதம் தப்புதான். அப்படியிருந்தும் அந்த எண்ணைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. கேட்கச் சொல்லி நமக்கு யாரும் கற்றுத் தரவும் இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்: டிப்ளமோ முடித்து வெளியே போகிற ஒவ்வொரு மாணவனும் மாணவியும், தன் கையால் ஒரு கரைசலையாவது எடை போட்டு, கரைத்து, கோடு வரை நிரப்பி, அதன் செறிவைச் சரிபார்த்து, பாட்டிலின் மேல் தன் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டும். ரெடிமேட் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டுப் போவது ஏட்டுச் சுரைக்காய் கதைதான்.

சீட்டை நம்பலாமா?

"நாலு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.1 நார்மல். இதில் என்னப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். கணக்கு சரிதான், சரக்குதான் சரியில்லை! சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே அந்த வில்லைகள் வியர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருக்கிற ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது இழுத்துக்கொள்கிறது. நீங்கள் எடை போட்ட நாலு கிராமில் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. அதனால்தான் அதை 'ஏறத்தாழ 0.1' என்று தயாரித்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலம் போன்ற ஒரு நம்பகமான பொருளை வைத்து உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். 'ஸ்டாண்டர்டைஸ்' பண்ணுவது என்றால் இதுதான். நாம் ஏதோ சடங்கு மாதிரி செய்கிற முதல் டைட்ரேஷனின் அர்த்தம் இதுவே.

ஆக்ஸாலிக் அமிலத்திலும் ஒரு கண்ணி உண்டு. லேபில் இருக்கும் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூலக்கூறு எடை 126, சமான எடை 63. நீரில்லாத வகைக்கு மூலக்கூறு எடை 90, சமான எடை 45. பாட்டில் சீட்டைப் படிக்காமல் 45 என்று நினைத்து, படிகத்தில் நாலரை கிராமை எடுத்து ஒரு லிட்டராக்கினால் வருவது 0.1 அல்ல, 0.071. கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைவு!

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு வருவோம். "கான்சன்ட்ரேட்டட் என்றால் 12 நார்மல்" என்று மனப்பாடமாகச் சொல்லுவோம். எடையில் 37 சதவீதம் உள்ள பாட்டிலுக்கு அது ஏறத்தாழ உண்மை. 35 சதவீதம் என்று போட்ட பாட்டிலும் கடைகளில் கிடைக்கிறது. அதன் அடர்த்தி 1.18 என்று வைத்தால், ஒரு லிட்டரின் எடை 1180 கிராம், அதில் அமிலம் 413 கிராம், அதை 36.5-ஆல் வகுத்தால் 11.3 தான் வருகிறது. சதவீதம், அடர்த்தி, சமான எடை ஆகிய மூன்றையும் சீட்டிலிருந்து பார்த்துக் கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். மனப்பாடம் அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பண்ணித் தருகிறது. கூடவே ஆறு சதவீதம் பிழையையும் இலவசமாகத் தருகிறது.

'நார்மல்' என்கிற ஏமாற்றுக்காரன்

நமக்குச் செல்லமான 'நார்மாலிட்டி' இருக்கிறதே, அதுவும் தனியாக நிற்கிற எண் இல்லை. லிட்டருக்கு 3.16 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்தால் அது 0.02 மோலார். இது எந்த ஊரிலும் மாறாது. ஆனால் அமிலக் கரைசலில் அது ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது, ஆகவே 0.1 நார்மல். நடுநிலைக் கரைசலில் மூன்றுதான் வாங்கும், ஆகவே அதே பாட்டில் 0.06 நார்மல்! டைட்ரேஷனில் கந்தக அமிலம் போதாமல் போனால் பழுப்பு நிறத்தில் கலங்கிக்கொண்டு வருமே... அப்போது பாட்டில் சீட்டில் உள்ள எண் செல்லாக்காசாகிவிட்டது என்று அர்த்தம். உலக வேதியியலாளர்கள் இன்று மோலாரிட்டியையே விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நம் லேப் நோட்டில் நார்மாலிட்டி இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த வினைக்கு என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுமையான எண்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற 'நார்மல் சலைன்' நார்மலே அல்ல! அது நூறு மி.லி.க்கு 0.9 கிராம், அதாவது லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு. நம் கணக்கில் 0.154 நார்மல். பேரை நம்பி ஒருவர் 1 நார்மல் உப்புக் கரைசல் தயாரித்தால் லிட்டருக்கு 58.5 கிராம் போட்டுவிடுவார், ஆறரை மடங்கு! ஒரே சொல், இரண்டு அர்த்தம். அலகைச் சேர்த்து எழுதாத எண் ஆபத்தானது என்று சும்மா சொல்லவில்லை.

நீர்க்கச் செய்வது சோம்பேறித்தனம் அல்ல

நம் வீட்டு அடுப்படியில் காலையில் டிகாஷன் இறக்கி வைக்கிறார்களே, அதுதான் ஸ்டாக் கரைசல். அப்பாவுக்கு ஸ்டிராங், தாத்தாவுக்கு லைட், எல்லாம் அந்த ஒரு டிகாஷனிலிருந்துதான். லேபிலும் அதே யோசனைதான், ஆனால் அங்கே ஒரு நுட்பமான காரணமும் இருக்கிறது.

நூறு மி.லி. 0.1 நார்மல் ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும் என்றால் 0.63 கிராம் எடை போட வேண்டும். நம் லேபின் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால், எடையிலேயே 1.6 சதவீதம் பிசகலாம். அதற்குப் பதிலாக 6.30 கிராம் போட்டு நூறு மி.லி.யில் 1 நார்மல் கரைசல் தயாரித்தால் பிசகு 0.16 சதவீதமாகக் குறைந்துவிடும். பிறகு பிப்பெட்டில் 10 மி.லி. எடுத்து வேறொரு நூறு மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் கோடு வரை நிரப்பினால் 0.1 நார்மல் கிடைத்துவிடும். நல்ல பிப்பெட்டில் 10 மி.லி.க்கு 0.02 மி.லி.தான் பிசகு. மோசமான தராசை வைத்துக்கொண்டே நல்ல கரைசல் தயாரிக்கிற வித்தை இது! ஆனால் முதல் கரைசலில் விழுந்த தப்பு அதன் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படியே போய்ச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 'கோடு வரை நிரப்பு' என்பதும் 'நூறு மி.லி. தண்ணீர் சேர்' என்பதும் ஒன்றல்ல. கனஅளவுகள் எப்போதும் நேராகக் கூடுவதில்லை. ஐம்பது மி.லி. ஆல்கஹாலையும் ஐம்பது மி.லி. தண்ணீரையும் சேர்த்தால் நூறு வராது, 96, 97 மி.லி.தான் வரும். இரண்டாவது, 'பத்துக்கு ஒண்ணு' என்று சொன்னால், ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீரா, பத்து பங்கு தண்ணீரா? சொல்கிறவர் ஒன்றை நினைப்பார், கேட்கிறவர் இன்னொன்றைச் செய்வார். 'ஒன்றோடு ஒன்பது' என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

"இதெல்லாம் கெமிக்கல் பசங்க கவலை, எங்களுக்கு எதுக்கு?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் எழுந்து போக வேண்டாம். லேத்தில் ஊற்றுகிற கட்டிங் ஆயிலை ஒன்றுக்கு இருபது என்று கலப்பது யார்? எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். தண்ணீரை எண்ணெயில் ஊற்றினால் கெட்டியாகத் திரிந்து, வேலைக்கு ஆகாது. எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு பேட்டரி இருக்கிறது. முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.28 பக்கம் காட்டினால், உள்ளே எடையில் ஏறத்தாழ 37 சதவீதம் கந்தக அமிலம் இருக்கிறது என்று பொருள். மட்டம் குறைந்தால் அமிலம் ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஏனென்றால் ஆவியாகிப் போனது தண்ணீர், அமிலம் அல்ல. புதிதாக அமிலம் கலக்க வேண்டுமானால், அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே விழுந்த தண்ணீர் அந்தச் சூட்டில் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். இதில் மறுபரீட்சை எழுத முடியாது நண்பர்களே!

லேபின் வாசலைத் தாண்டினால்...

நாளை நம்மில் ஒருவர் நகராட்சியிலோ குடிநீர் வாரியத்திலோ வேலைக்குச் சேரலாம். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட வேண்டும். மொத்தம் 20 கிராம். பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் என்று மூட்டையில் போட்டிருக்கிறது, ஆகவே 60 கிராம் போதும் என்று கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அந்த மூட்டை ஈரமான அறையில் மாதக்கணக்கில் கிடந்து 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால்? அதே 60 கிராமில் 9 கிராம் குளோரின்தான் இருக்கும். லிட்டருக்கு 0.9 மில்லிகிராம்! தண்ணீரிலுள்ள அழுக்கே ஒரு மில்லிகிராமைத் தின்றுவிடுகிறது என்றால், குழாயில் மிஞ்சுவது பூஜ்யம். இந்தியத் தர நிர்ணயப்படி குளோரின் போட்ட குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சி இருக்க வேண்டும். மூட்டையில் அச்சடித்த எண்ணை நம்பாமல், ஒரு சிட்டிகை எடுத்துத் தயோசல்பேட்டோடு டைட்ரேட் செய்து பார்க்கிற ஒரு டிப்ளமோக்காரர் இருந்தால் ஒரு தெருவே பிழைக்கும்.

சரியான கரைசல் எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு 1971-ஐப் பாருங்கள். வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்கள் தங்கியிருந்த மேற்கு வங்காளத்துப் போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன செய்தார்? லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்ற கணக்கில் கல்கத்தாவில் எடை போட்டுப் பொட்டலம் கட்டி, முகாமில் குடிநீரில் கரைத்து, குடிக்கவே கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.5-ஐ 58.5-ஆல் வகுத்தால் 60 மில்லிமோல் சோடியம், 2.5-ஐ 84-ஆல் வகுத்தால் 30. மொத்தம் லிட்டருக்கு 90. பின்னாளில் உலகம் முழுவதும் போன உப்பு-சர்க்கரைக் கரைசலிலும் சோடியம் அதே 90 தான். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் அதை 75 ஆகக் குறைத்தது. நாம் போர்டில் போட்டு அழிக்கிற அதே வகுத்தல் கணக்குதான் நண்பர்களே!

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்து 10 மி.லி. ஆம்பூலில் 1.5 கிராம் அடங்கி வருகிறது. பார்த்தால் பச்சைத் தண்ணீர், சலைனுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நிறைய சலைனில் கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து. அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் நோயாளிகளின் பாதுகாப்புக்காக வெளியிட்ட வழிமுறைகளில் ஒன்று, இத்தகைய அடர் கரைசல்களை எப்படிக் கட்டுப்படுத்தி வைப்பது என்பதைப் பற்றியதே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது எவ்வளவு கறாரான வேதியியல்!

கடைசியாக, நம் நொய்யல். சாயக் கழிவு நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். 6300 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் கழிவில் உப்பே இல்லாத இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றினால், மீட்டர் சரியாக 2100 காட்டும். சட்டப்படி பாஸ்! ஆனால் ஆற்றுக்குப் போன உப்பு அதே 6300 மில்லிகிராம்தானே? கூடவே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் வீண். நீர்க்கச் செய்தால் செறிவு குறையும், சரக்கு குறையாது. இந்த ஒரு வரி புரிந்தவர் கையில் நீர்த்தல் கணக்கு ஒரு கருவி, புரிந்தும் மறைப்பவர் கையில் அது ஏமாற்று வேலை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் நமக்குச் சொல்கிற பாடம் இதுதான்.

என்ன செய்யலாம்?

"முப்பது பேரும் ஆளுக்கொரு கரைசல் தயாரித்தால் கெமிக்கல் செலவு என்ன ஆகும்? நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆளுக்கு 6.3 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் என்றால் முப்பது பேருக்கு 189 கிராம். அரைக் கிலோ பாட்டிலில் பாதிகூட இல்லை! அப்படித் தயாரித்த கரைசலையே அடுத்த வாரங்களின் டைட்ரேஷனுக்கு வைத்துக்கொண்டால், அதில் வீணென்று எதுவும் இல்லை. நேரம்? ஒரு வருஷத்தில் இரண்டே லேப் பிரியட் கேட்கிறோம்.

லேப் உதவியாளர் அண்ணன்மீது எந்தக் குறையும் சொல்லவில்லை. அத்தனை பேட்சுக்கும் லிட்டர் லிட்டராகக் கலக்கி வைப்பவர் அவர்தான். உண்மையில் இந்த லேபில் கரைசல் தயாரிக்கத் தெரிந்தவர் அவர். நாம் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மாணவர் பேரவையும் துறைத் தலைவர்களும் சேர்ந்து செய்யக்கூடியவை இவை. ஒன்று, எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் கரைசல் தயாரிப்புக்கென்று இரண்டு பிரியட். இரண்டு, லேபில் உள்ள ஒவ்வொரு பாட்டிலிலும் பொருளின் பெயர், செறிவு, அலகு, தயாரித்த தேதி, தயாரித்தவர் கையெழுத்து ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். மூன்று, வாயால் உறிஞ்சாமல் பிப்பெட் செய்ய ரப்பர் பல்பு, கண்ணாடி, கையுறை. இது சலுகை அல்ல, உரிமை. நான்கு, வைவாவில் 'இந்த பாட்டிலை எப்படித் தயாரித்தாய்?' என்ற ஒரு கேள்வி கட்டாயம்.

ஐந்தாவது நம் கையில் இருக்கிறது. 20.0, 20.0, 20.0 என்று மூன்று ரீடிங்கும் அச்சு மாதிரி ஒத்துப்போகிற நோட்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்து மேஜை விடைக்கு ஏற்ப ரீடிங்கைச் 'சமைத்து' வைப்பவர், நாளை தண்ணீர்த் தொட்டியின் பதிவேட்டிலும் அதையேதான் செய்வார். விடை தப்பாகப் போனாலும் பரவாயில்லை, கண்ணால் கண்டதை எழுதுகிற பழக்கம் வரட்டும். உண்மையான ரீடிங்குக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர்களும் நமக்கு உறுதி தரட்டும்.

நாளை நாம் போகிற தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ நீரேற்று நிலையத்திலோ யாராவது ஒருவர் ஒரு பாட்டிலை எடுப்பார். அவருக்கு நம் முகம் தெரியாது, நம் மார்க் தெரியாது. அவர் பார்ப்பது சீட்டில் நாம் எழுதிய எண்ணை மட்டும்தான். அதை நம்பித்தான் ஊற்றுவார்.

அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியானவர்களாக ஆக வேண்டும். சிந்திப்போம்... செயல்படுவோம்!

— கெமிக்கல் பிரிவு, இறுதியாண்டு மாணவன்